ஏழு தரம் அமத்தவேணும்

சுவிச்சுகளைக் கொல்வது எறும்புதான் என்று சொன்னால் விசுவமடுவில் சிரிப்பார்கள். நஸ்மியாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. செத்த சுவிச்சுகளைத் திறந்து பார்ப்பது அவளுடைய தொழில். முல்லைத்தீவு டவுன் கடையில் வாப்பா லாபிர் முன்பக்கத்தில் மின்சாமான் விற்பார். பின்பக்கத்தில் அவள் திருத்துவாள்.

குழாய்க்கிணற்று மோட்டருக்குப் பூட்டுகிற சுவிச்சில் ஒரு கொளுக்கி உண்டு. பொத்தானை விரலால் அமத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும், மறுபடி அமத்தினால் விட்டுவிடும். அந்தக் கொளுக்கிக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் எறும்பு குடிபுகும். பிறகு நசுங்கும், கருகும். கொஞ்ச நாளில் கொளுக்கி பிடிக்காது. தோட்டக்காரர் வருவார், வாப்பா புதிசு ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

"எறும்பு எங்கட பங்காளி, மகள். சம்பளமும் கேக்காது, லீவும் எடுக்காது" என்பார். புத்தளத்துச் சந்தையில் விலை பேசிப் பழுத்த வாய்.

நஸ்மியாவுக்கு அந்தப் பங்காளியோடு ஒத்துப்போக முடியவில்லை. கொளுக்கி, ஸ்பிரிங், தகடு என்று உள்ளே அசைகிற எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பெட்டி செய்தாள். அமத்தியதை ஒரு சின்ன ஐசி சிப் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு தரம் அமத்தினால் மோட்டர் ஓடும், அடுத்த தரம் அமத்தினால் நிற்கும். சுற்றிவர றப்பர். எறும்பு வாசலோடு திரும்பவேண்டியதுதான்.

முதல் பெட்டி விசுவமடுவில் குகதாசனின் கச்சான் கடலைத் தோட்டத்துக்குப் போனது. அவர் கமக்காரர் சங்கத் தலைவர். சங்கத்துக்கு இன்னும் எட்டுக் குழாய்க்கிணறு இருந்தது. அவர் தலையாட்டினால் எட்டுக்கும் அவளுடைய பெட்டி. இல்லையென்றால் எட்டுக்கும் வாப்பாவின் சுவிச், எறும்போடு சேர்த்து.

பத்து நாளுக்குள் குகதாசன் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார்.

"தங்கச்சி, உம்மட பெட்டி திரும்பவும் செத்துப்போச்சு. கச்சான் காய் பிடிக்கிற நேரம். நாளைக்குக் கூட்டம், நான் என்னத்தைச் சொல்ல?"

"வாறன் ஐயா. ஒண்டையும் கழட்டிப்போடாதேங்கோ."

ஹெல்மெட்டைத் தேடியவளைப் பார்த்து வாப்பா சிரித்தார். "பழைய சுவிச் ஒண்டையும் கொண்டுபோ மகள். தோத்தாலும் யாவாரம் எங்கட கடைக்குத்தானே."

"தோத்தாத்தானே வாப்பா."

உடையார்கட்டைத் தாண்டும்வரை ஸ்கூட்டியில் அவள் யோசித்தது ஒன்றைத்தான். முதல் இரண்டு தரமும் போய் அவளே அமத்தினாள், தண்ணீர் வந்தது. அவள் திரும்பிப்போன மறுநாள் வரவில்லை. பெட்டிக்கு ஆள் பார்த்து ஓடத் தெரியாது. அப்படியென்றால் இந்தத் தரம் பெட்டியில் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

தோட்டத்தில் குகதாசனும் மனைவி கமலாசனியும் மோட்டர்க் கொட்டிலடியில் காத்திருந்தார்கள்.

"நீங்களே போடுங்கோ ஐயா. ஒவ்வொரு நாளும் போடுறமாதிரி."

குகதாசன் பொத்தானை அமத்தினார். விரலை எடுத்ததும் அது மேலே எழும்பியது. பெட்டியில் காதை வைத்தார்.

"பாத்தீரே? சத்தமும் இல்லை, பிடிக்கவும் இல்லை."

மறுபடி அமத்தினார். மறுபடி காது. நாலாவது தரம் பல்லைக் கடித்துக்கொண்டு அமத்தினார். ஆறாவதோடு கையை விட்டுவிட்டுப் பைப்பின் வாயைப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது.

"உவர் எப்பவும் உப்பிடித்தான்" என்றாள் கமலாசனி. "ஆரும் கதவு திறக்காத வீட்டுக்கு பெல் அடிக்கிறமாதிரி."

நஸ்மியாவுக்கு விளங்கிவிட்டது. மோட்டர் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது, சத்தம் கேட்காது. தண்ணீர் மேலே வர அரை நிமிசமாவது வேண்டும். அதற்குள் இந்த மனிதர் போட்டு, நிப்பாட்டி, போட்டு, கடைசியில் நிப்பாட்டியே விட்டார். பெட்டியில் அவள் வைத்த சின்னச் சிவப்பு வெளிச்சம் உச்சி வெயிலில் யாருக்குத் தெரியப்போகிறது?

"ஒருக்கா மட்டும் அமத்திப்போட்டு நில்லுங்கோ ஐயா."

"பழைய சுவிச் 'டக்' எண்டு பதில் சொல்லும். சொன்னதுக்கு மறுமொழி தராத சாமானை நம்பி நான் சும்மா நிக்கிறதோ?"

வாப்பாவைக் கேட்டால், 'டக்' சத்தம் போட உள்ளே ஒன்றைப் பூட்டிவிடு என்பார். அதுவும் அசைகிற சாமான். அசைகிற இடத்துக்கு எறும்பு எப்படியும் வழி தேடும். குகதாசனுக்குப் பாடம் எடுக்கலாம் என்றால் எட்டுக் கிணற்றிலும் எட்டுக் குகதாசன் நிற்பார்கள். மனிதரை மாற்றுவதைவிட வயரை மாற்றுவது சுகம்.

கொட்டில் பிளக்கில் ஈயம் உருக்கும் கோலைச் செருகினாள். அந்த ஐசியில் 'பிடி' என்பதற்கு ஒரு காலும் 'விடு' என்பதற்கு வேறொரு காலும் இருந்தன. இதுவரை சும்மா கிடந்த கால்கள். பையில் இருந்த பச்சைப் பொத்தானை 'பிடி' காலோடும், பழைய பொத்தானை 'விடு' காலோடும் ஒட்டினாள். புதுப் பொத்தானுக்கு ஓட்டை போட ட்ரில் இல்லை. சூட்டுக்கோலாலேயே பிளாஸ்டிக்கை உருக்கினாள். நாற்றத்துக்குக் கமலாசனி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கை சுட்டது. நஸ்மியா விரலைச் சூப்பிக்கொண்டு றப்பரைச் சுற்றி இறுக்கினாள்.

"பச்சை ஓட, மற்றது நிக்க. பச்சையை நூறு தரம் அமத்தினாலும் ஓடும். ஆசை தீர அமத்துங்கோ ஐயா."

குகதாசன் ஆசை தீர அமத்தினார். காது வைத்தார், அமத்தினார், முறைத்தார், அமத்தினார். ஏழாவது தரம் விரலை எடுக்கப் பைப் இருமியது, துப்பியது, பிறகு வாய் நிறையக் கொட்டியது. வாய்க்கால் வழியே தண்ணீர் கச்சானுக்குள் ஓடியது.

மறுநாள் கூட்டம் முடிந்த கையோடு போன் வந்தது.

"தங்கச்சி, எட்டுப் பெட்டி செய்யும். சபையில நான் விளக்கமாச் சொல்லிப்போட்டன், ஏழு தரம் அமத்தவேணுமெண்டு."

நஸ்மியா வாயைத் திறந்தாள். ஒருவர் ஒரு தரம் அமத்தட்டும், ஒருவர் ஏழு தரம் அமத்தட்டும், தண்ணீர் ஒன்றுதான்.

"ஏழும் அமத்தலாம் ஐயா, ஒண்டும் அமத்தலாம்" என்றாள்.

"ஒண்டுக்கு வராது. நான் பாத்தனான்."

வாப்பா முன்பக்கத்திலிருந்து எட்டிப்பார்த்தார். "அப்ப எங்கட பங்காளியின்ர கதி?"

நஸ்மியா எட்டு வெறும் பெட்டிகளை வரிசையாக வைத்து, ட்ரில்லை எடுத்து முதலாவதில் பச்சைப் பொத்தானுக்கு இரண்டாவது ஓட்டையைப் போடத் தொடங்கினாள்.

"வேற கடை பாக்கட்டும் வாப்பா."