மத்தியானச் சங்குக்கு முன்

லெப்டொப்பை மேசையில் வைத்துவிட்டுச் சுதர்ஷினி கைகளைத் துவாயில் இரண்டு தரம் துடைத்தாள். கை நனைந்திருக்கவேயில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால். மத்தியானச் சங்கு ஊத இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது, அதற்குள் முடித்தாக வேண்டும். அவள் இருக்கும் மேல் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த பத்துக் காம்பராக்களுக்கும் கரண்ட் வருவது ஒரே வயரில். சங்கு ஊதி, பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு கரண்ட் கேத்தலைப் போட்டார்கள் என்றால், நாலாவது கேத்தலில் லயம் முழுக்க இருண்டுவிடும். லெப்டொப்பின் பெட்டரி செத்து இரண்டு வருடமாகிறது. வயரைப் பிடுங்கிய கணமே அதுவும் அணைந்துவிடும். அதனால்தான் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு எல்லோரும் போய், கடைசிக் கதவும் சாத்தப்படும்வரை பேசாமல் காத்திருந்தாள்.

பத்து நாளைக்கு முன்னால், விடாமல் பெய்த மழையில் மேட்டிலிருந்த மண் மொத்தமாய் இறங்கிக் கீழ் லயத்தை மூடியது. ஆட்கள் தப்பித்துக்கொண்டார்கள், அந்த மட்டுக்கும் சாமி புண்ணியம். பெட்டியும் பீரோவும் அதற்குள் இருந்த பேப்பர்களும் மண்ணுக்குள் போய்விட்டன. பதினாலு குடும்பங்கள் இப்போது ஸ்கூலில் பாய் போட்டுப் படுக்கின்றன. புதுவீட்டுக்குப் பெயர் எழுத நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதன் நம்பர் இருந்தால் போதும், நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். நம்பரும் இல்லாதவர்களின் பெயரைத் தனி லிஸ்டில் போடுவார்களாம். தனி லிஸ்டில் போன பெயர் திரும்பி வராது என்று தோட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அந்த நம்பர்கள் எல்லாம் இந்த லெப்டொப்பில் இருந்தன. சித்திரையில் சுதர்ஷினிதான் வீடு வீடாகப் போய், எல்லோருடைய பேப்பர்களையும் ஃபோனில் படம் பிடித்தாள். முன்பள்ளி டீச்சர், கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று பெயர். தெரிந்தது என்னவோ வாழ்த்து மடல் அடிப்பதும் பாட்டு ஏற்றுவதும்தான். ஃபோன் நிறைந்துபோனதும் படங்களையெல்லாம் லெப்டொப்பில் போட்டுவிட்டு ஃபோனிலிருந்து அழித்தாள். அப்படி அழித்த விரலை இப்போது வெட்டிப் போட்டால்கூடத் தகும் என்று அவளுக்குத் தோன்றியது. மண் சரிந்த அதே வாரத்தில் லெப்டொப்பும் படுத்துக்கொண்டது. போட்டால் வட்டம் சுற்றும், பிறகு நீலத் திரை வரும், திரும்பவும் வட்டம் சுற்றும். ஹட்டனில் ஒரு கடையில், "விட்டுட்டுப் போங்க மிஸ், அழிச்சிட்டுப் புது வின்டோஸ் போட்டுத் தர்றோம். உள்ள இருக்கிறது வராது" என்றார்கள். அதைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறியவள், வீடு வந்து சேரும்வரை மடியிலிருந்து இறக்கவில்லை.

வழி சொன்னது ஜெரோஷன்தான். கொட்டகலை பஜாரில் ஃபோன், ஃபோட்டோகொப்பி வேலை பார்க்கிற கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறான், அவளோடு ஏ லெவல் படித்தவன். நேற்று மழையில் நனைந்துகொண்டு போய் நின்றவளிடம் இரண்டு பென் டிரைவை நீட்டினான்.

"இந்தக் கறுப்புல ஒரு குட்டி லினக்ஸ் போட்டிருக்கேன். பழைய மெசினுக்குன்னே செஞ்சது. பென்னுலயே ஓடும், உள்ள இருக்கிற டிஸ்க்க தொடாது. செவப்பு வெறும் பென்னு, அதுல படங்கள கொப்பி பண்ணிக்கங்க."

"தப்பா எதையாவது அமுக்கிட்டேன்னா?"

"ரெண்டு வரி வரும் சுதா. மேல ட்ரை, கீழ இன்ஸ்டோல். கீழ உள்ளத மட்டும் தொட்டுராதீங்க. தொட்டா டிஸ்க்க தொடைச்சுட்டு இது போய் உக்காந்துக்கும். நாளைக்கு மெசின இங்கயே கொண்டாங்க, நானே பண்ணித் தர்றேன்."

கொண்டுபோகத்தான் நினைத்திருந்தாள். விடிந்து பார்த்தால் பாதையில் இன்னொரு இடத்தில் மண் விழுந்து பஸ்ஸே இல்லை.

கறுப்புப் பென்னைச் செருகினாள். சுவிட்சை அமுக்கியதுமே எஃப் பன்னிரண்டுப் பொத்தானை விடாமல் தட்டச் சொல்லியிருந்தான். தட்டினாள். வட்டம் சுற்றத் தொடங்கியது. பிந்திவிட்டாள் போல. சுவிட்சைப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். கோழி கொத்துவதுபோலக் கொத்தியதில் இந்த முறை கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்து நின்றது. அதில் டிஸ்க்கின் பெயர் மட்டும்தான் இருந்தது. பென்னைக் காணோம். பென் பழுதா, மெசின் பழுதா, இல்லை ஜெரோஷன் பென்னை மாற்றித் தந்துவிட்டானா? இடப்பக்க ஓட்டை போன வருடமே வேலை செய்யாமல் போனது நினைவுக்கு வர ஐந்து நிமிடம் பிடித்தது. பென்னைப் பிடுங்கி, வலப்பக்கம் இருந்த இரண்டு ஓட்டைகளில் ஒன்றில் செருகிவிட்டு மூன்றாம் முறை போட்டாள். பட்டியலில் இரண்டு பெயர்கள் வந்தன.

பென்னின் பெயரில் என்டர் அமுக்கியதும் ஜெரோஷன் சொன்ன இரண்டு வரிகளும் வந்தன. மேலே ட்ரை, கீழே இன்ஸ்டோல். இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசி அகலம்கூட இல்லை. மேல் வரியில்தான் வெள்ளைப் பட்டை நின்றது. இருந்தும் மூன்று தரம் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறவள், ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லின் முன்னால் நாக்கு வறண்டு நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். திறந்து பார்த்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தன. நடுவே ஒரு வரி சிவப்பில் வந்தது. அதோடு ஓட்டம் நின்றுபோனது.

தவறிப்போய்க் கீழே உள்ளதைத்தான் அமுக்கிவிட்டோமா? கேட்கலாம் என்றால் காம்பராவுக்குள் சிக்னல் கிடையாது. குடையும் எடுக்காமல் பீலிக் கரைக்கு ஓடினாள். அங்கே, தண்ணீர் பிடிக்கிற கல்லின் மேல் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு வரும். ஜெரோஷன் ஃபோனை எடுக்கவில்லை. நாலு தரம் அடித்தும் எடுக்கவில்லை. அவனை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே திரும்பி ஓடி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். திரையில் நீல வானமும் ஒரு மலையும் கீழே சின்னச் சின்னப் படங்களுமாக ஏதோ ஒன்று சாதுவாகத் திறந்து கிடந்தது.

அது வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்ததுபோல இருந்தது. எந்தச் சாமான் எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி டிஸ்க்கைக் கண்டுபிடித்தாள். அதற்குள் அவள் பெயர், அதற்குள் படங்கள், அதற்குள் 'கீழ் லயம்'. இருநூற்றுப் பன்னிரண்டு படம். மற்ற ஓட்டையில் சிவப்புப் பென்னைச் செருகி எல்லாவற்றையும் அதற்கு அனுப்பியபோது மணி பதினொன்றே கால். டிஸ்க் உள்ளே டிக், டிக் என்று தட்டியது. ஒரு படம் போனது. நெடுநேரம் கழித்து இன்னொன்று போனது. ஐம்பது நிமிடம் என்று காட்டிய கணக்கு எழுபதாகி, பிறகு நாற்பதானது.

பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிரச் செய்வதற்கு வேலை இல்லாததால் காளியாயியின் நினைப்பு வந்தது. நிறுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. கீழ் லயத்தில் எல்லோரும் பேப்பரைத் தூக்கிக் கொடுத்தபோது மாட்டேன் என்று நின்றவள் அவள் ஒருத்திதான். அறுபதைத் தாண்டிய தனிக்கட்டை, இன்னும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறவள். அவளுடைய சின்ன வயதில் அவள் அப்பா, பிரஜாவுரிமைக்குப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்றவர்களிடம் குடும்பத்துப் பேப்பரைக் கொடுத்தாராம். பேப்பர் திரும்பி வந்தபோது அக்காவின் பெயர் மட்டும் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களோடு சேர்ந்திருந்தது. அக்கா கப்பல் ஏறினாள். அதற்குப் பிறகு கடுதாசி இரண்டு வந்தது, அவ்வளவுதான்.

"பேப்பர கைய விட்டு விடமாட்டேன் புள்ள. கோவிச்சுக்காத" என்றாள் அன்று.

சுதர்ஷினியும் விடவில்லை. மூன்று நாள் நடந்து, கெஞ்சி, கடைசியில், "நான் இருக்கேன் அத்த. எங்கிட்ட இருந்தா ஒங்ககிட்ட இருக்கிற மாதிரிதான்" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தாள். அந்தப் பேச்சுதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

நூற்று எண்பதாவது படத்தில் சங்கு ஊதியது.

சுதர்ஷினி எழுந்து ஓடினாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்றாள். மழையால் நிறுவை சங்குக்கு முன்பே முடிந்திருந்தது; கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாகப் பெண்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். வினோதா ஏற்கெனவே தன் காம்பராவுக்குள் நுழைந்து, கேத்தலோடு வெளியே வந்து பீலியைப் பார்த்து நடந்தாள்.

"வினோதா, கேத்தல் போடாதீங்க! யாரும் போடாதீங்க! அர மணி நேரம் பொறுத்துக்கங்க!"

"வெடிஞ்சதுல இருந்து மழையில நிக்கிறோம் டீச்சர். ஒரு வாய் சாயத்தண்ணி குடிக்க வேணாமா?"

"கீழ் லயத்துப் பேப்பரெல்லாம் வந்துக்கிட்டு இருக்கு. கரண்ட் போனா அவ்வளவுதான்."

வினோதா அவள் முகத்தைப் பார்த்தாள். கேத்தலை அப்படியே திண்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, பின்னால் வந்தவர்களிடம் உரக்கச் சொன்னாள். முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தி விறகடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். இன்னொருத்தி ஈரத்தோடு அப்படியே படியில் உட்கார்ந்தாள். திடீரென்று காம்பராவுக்குள் பல்ப் மங்கியது. திரை ஒருதரம் துடித்தது.

"யாரு அது!" என்று சுதர்ஷினி கத்தினாள். டீச்சர் அப்படிக் கத்தி லயத்தில் யாரும் கேட்டதில்லை.

"நாந்தான் தாயி" என்று கடைசிக் காம்பராவிலிருந்து செல்லசாமியின் குரல் வந்தது. "ரைஸ் குக்கரு. கழட்டிட்டேன், கழட்டிட்டேன்."

பல்ப் மறுபடி பிரகாசமானது. அவள் திரும்பி ஓடினாள். நூற்றுத் தொண்ணூற்றாறு. டிக், டிக்.

காளியாயி வந்ததை அவள் கவனிக்கவில்லை. நிறுவை முடிந்து ஸ்கூலுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து, படங்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வந்துருச்சா புள்ள?"

"வருது அத்த. உள்ள வாங்க."

"ஈரமா இருக்கேன்."

"பரவால்ல, வாங்க."

வந்து பின்னால் நின்றாள். வினோதாவும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் கூடினார்கள். குடிக்காத தேத்தண்ணியை எல்லோரும் சேர்ந்து காத்துக்கொண்டிருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு என்று வந்ததும் திரையில் கணக்குக் காட்டிய பெட்டி தானாகவே மூடிக்கொண்டது. அவ்வளவுதானா என்று சுதர்ஷினிக்கு நம்ப முடியவில்லை. சிவப்புப் பென்னைத் திறந்து முதலில் காளியாயியின் பெயரைத் தேடினாள். இருந்தது. தட்டினாள்.

மஞ்சளேறி மடிப்பில் கிழிந்த அந்தப் பேப்பர் திரை நிறைய வந்து நின்றது. அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், எல்லாம் வாசிக்கும்படி இருந்தன. மேல் மூலையில், நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் இருந்தது. கொழுந்துக் கறை ஏறி, வெடித்து, நகம் கறுத்த விரல். அன்று படம் பிடிக்கும்போதுகூட அவள் பேப்பரைக் கையை விட்டு விடவில்லை. நம்பரின் கடைசி இலக்கம் மட்டும் விரலுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. ஒரு ஏழு.

"அது என் வெரலுல்ல?" என்றாள் காளியாயி.

"ஆமா அத்த."

"அதுக்குக் கீழயா நம்பரு?"

சுதர்ஷினி தலையை ஆட்டினாள். காளியாயி குனிந்து, திரைக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அன்னைக்கு விட்டிருக்கணும் நான்" என்றாள், தனக்குத்தானே. "ஒன்ன நம்பாம இல்ல புள்ள. கை விடல."

அன்றைக்கு நடந்ததை மனதில் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள் சுதர்ஷினி. கீழ் லயத்து இஸ்தோப்பு. நல்ல வெயில். அத்த, வெரல கொஞ்சம் நகத்துங்க என்று சொன்னாள். சொன்னது நிச்சயம். சொன்ன பிறகு இன்னொரு படம் எடுத்தாளா? அப்போது யாரோ கூப்பிட்டார்கள், பிள்ளை ஒன்று அழுதது, ஃபோனைப் பையில் போட்டதுபோலவும் இருந்தது. எடுத்திருந்தால் அது இதற்கு அடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். அம்புக் குறிப் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். அமுக்கத் தைரியம் வரவில்லை.

"இன்னொன்னு இருக்கலாம் அத்த" என்றாள்.

சுதர்ஷினி திரும்பிப் பார்த்தாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்ற காளியாயி, தன் வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரல்களாலும் இறுக மூடிக்கொண்டிருந்தாள்.