அடி இறக்கம்

"இந்த நாத்தத்துல மனுசன் எப்பிடி சோறு துண்றது? அந்தாண்ட போடி!"

புருஷன் சக்கரவர்த்தி தட்டைத் தள்ளிய வேகத்தில் சாமைச் சோறு தரையில் சிதறியது. குப்பம்மா குனிந்து அள்ளினாள். இருமல் வந்தது, இருமலோடு சேலையும் நனைந்தது. நாற்பது வயதில் அவளுக்கு மூத்திரம் அடங்கவில்லை. நாலு வருடமாக, நடந்தால் கால்களுக்கு நடுவே ஏதோ சதை இறங்கி உரசியது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நடத்தை கெட்டவளின் நோய் என்று ஊர் பேசும். புருஷன் ஏற்கெனவே பேசிவிட்டான். அவள் பாயையும் ஆட்டுக்கொட்டகையில் தூக்கிப் போட்டுவிட்டான்.

மருமகள் கலைவாணிக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான். தாயையும் பிள்ளையையும் பார்க்க அன்று வந்த நர்ஸ் ஜெனிலா, குப்பம்மா ஒருக்களித்து உட்காரும் விதத்தைக் கவனித்தாள். உள்ளே அழைத்துப் போய்ப் பரிசோதித்தாள்.

"அக்கா, இது அடி இறக்கம். கர்ப்பப்பை வெளிய வந்து புண்ணாகிக் கீது. இத்தனை நாளா இப்பிடியேவா நடந்தீங்க? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மறுநாள் போளூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேள்விகளைக் குப்பம்மாவிடம்தான் கேட்டாள். பதில்கள் சக்கரவர்த்தியிடமிருந்து வந்தன.

"எத்தனை பிரசவம்?"

"அஞ்சுங்க. எல்லாம் வூட்லயே. மொதப் புள்ள பதினேழு வயசுல."

"பிரசவம் ஆகி எத்தனாவது நாள் சுமை தூக்குனாங்க?"

"எட்டாவது நாளே புளி மூட்டை தூக்கினாளுங்க. எங்க மலைப் பொம்பளைங்க அவ்ளோ கெட்டி!" அவன் குரலில் பெருமை இருந்தது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அடுப்புப் புகையில வருஷக்கணக்கா இருமல். பச்சை உடம்புல மூட்டை. ஆறுறதுக்குள்ள அடுத்த பிள்ளை. இது நடத்தையால வந்ததில்ல. நீங்க தூக்க வச்சதால வந்தது."

அவன் முகம் சுண்டியது. "ஆபரேஷன் பண்ணா எப்ப வேலைக்கு வருவா?"

"மூணு மாசம் ஒரு குடம் தண்ணிகூட தூக்கக் கூடாது. மூட்டை எப்பவுமே கூடாது."

"அப்ப வேணாங்க. புளி உலுக்கற நேரம். மூட்டைய ரோட்டுக்கு யாரு கொண்டாறது? நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"உங்க கையெழுத்தை யாரு கேட்டா? உடம்பு அவங்களுது."

குப்பம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "ரேகை எங்கம்மா வக்கணும்?"

"வச்சீன்னா வூட்டுப் பக்கம் வராத!"

"ஆட்டுக்கொட்டாயில படுக்க வச்ச ஆளு, வூட்டப் பத்தி இன்னாய்யா பேசுற?" கட்டை விரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினாள்.

சக்கரவர்த்தி துண்டை உதறினான். "நீ போனா இன்னா? கலைவாணி கீறா. நீ எட்டு நாள்ல தூக்கல? அவளுக்கு ஒம்பது ஆச்சு." பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

குப்பம்மா, கூட வந்திருந்த ஜெனிலாவின் போனை வாங்கினாள்.

"கலைவாணி, மாமன் வந்து மூட்டை தூக்கச் சொல்லுவான். தூக்காத. தூக்கித்தான்டி எனக்குக் கர்ப்பப்பை வெளிய வந்து தொங்குது. வெக்கப்பட்டு உனக்குச் சொல்லாம உட்டேன். அடிக்க வந்தான்னா, தெருவுல நின்னு இதையே கத்திச் சொல்லு. எம் பேரைச் சொல்லியே கத்து."

புண் ஆறிய பிறகுதான் ஆபரேஷன் என்று அவளை வார்டில் சேர்த்தார்கள்.

மறுநாள் காலை வராந்தாவுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். சீட்டு வரிசையில் அவள் தெருப் பெண்கள் ஐந்து பேர். எல்லாரும் அவளைப் போலவே ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பக்கத்து வீட்டு ராணியம்மாள்.

"உம் மருமக நீ சொன்னதக் கத்தித் தெருவையே கூட்டிட்டா. மூட்டை இன்னும் வாசல்லதான் கெடக்குது. உன் வூட்டுக்காரன் தொடவேயில்ல, இடுப்பு வலிக்குதாம்."

"இத்தனை வருஷமா ஒண்ணாத்தான தண்ணிக்குப் போனோம். ஒருத்திகூட சொல்லலியேடி."

"நீ சொன்னியா?"

ராணியம்மாளின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். புருஷன். அப்படியே மீண்டும் செருகிக்கொண்டு, வரிசையில் ஓர் இடம் முன்னால் நகர்ந்தாள்.