தாணு சார் வெள்ளையடித்த ஷூ

தாணு சாருக்கு மனிதர்களின் முகம் இரண்டாம்பட்சம். கால்தான் முதலில். முப்பத்தொரு வருஷம் திருவனந்தபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டராக இருந்தவர். தினமும் அசெம்பிளியில் அறுநூறு ஜோடி ஷூவைப் பார்த்துப் பார்த்து, ஒருத்தனின் யோக்கியதை அவன் ஷூவிலேயே எழுதியிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார். யாராவது அதைச் சந்தேகித்தால் அந்த ஆளின் காலையும் ஒரு பார்வை பார்ப்பார். பேச்சு அதோடு நின்றுபோகும்.

ரிட்டயரானது இரண்டாயிரத்து ஒன்றில். பார்ப்பதற்கு அசெம்பிளி இல்லாததால் ஊரைப் பார்க்க ஆரம்பித்தார். ஊர் நாசமாய்ப் போயிருந்தது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிற பயல்கள் காலிலெல்லாம் ஓட்டப்பந்தய ஷூ. குதிகாலில் காற்றடைத்தது, ஸ்பிரிங் வைத்தது, இருட்டில் மினுங்குவது. நாற்பதடி தள்ளி பஸ் நின்றால் ஓடிப் பிடிக்க மாட்டான், ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடுவான். மலையேறுகிறவன் போடும் பூட்ஸை மாட்டிக்கொண்டு கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் லிஃப்டில் ஏறுகிறவனும் உண்டு. பேண்ட் பட்டாளத்தானது, ஷூ பாக்ஸிங்காரனது, உடம்பு மட்டும் ஊறின உளுந்துவடை.

"ஓடாத ஊருக்கு எதுக்குவே ஓட்ட ஷூ?" என்று மச்சினன் கோமதிநாயகத்திடம் கேட்பார். கோமதிநாயகம் செருப்புப் போட்ட தன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு சிரிப்பார்.

இதெல்லாம் தெருவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரே மகள் அஸ்வதிக்கு இருபத்தாறு வயது, பேங்கில் வேலை. பெண் பார்க்க வந்த ஐந்து பேரையும் தாணு சாரின் வாய் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தது. ஒருத்தனுக்கு ஷூவின் குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. "தம்பிக்கு நடைதான் கோணலா, இல்ல புத்தியுமா?" என்று சபையில் கேட்டார். இன்னொருத்தன் ஒட்டுப்பட்டை வைத்த ஷூவில் வந்தான். "லேசு கட்டத் தெரியாதவன் தாலியை எப்படிக் கட்டுவான்?" என்றார். மற்ற மூன்று பேர் கதையும் இதே லட்சணம்தான். அவர் குடியிருந்த வலியசாலையில் அந்தப் பேச்சுகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் அவருக்கும் பிடித்திருந்தது.

ஆறாவதாக வந்தது அனூப். ஆரியசாலை மொத்த வியாபாரி உச்சிமாகாளியின் மகன். ஜெர்மனியில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். அவனும் அஸ்வதியும் நாலைந்து தடவை போனில் பேசியிருந்தார்கள். எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாத பெண், "இது நடந்தா நல்லாயிருக்கும்மா" என்று தானாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

நீலாம்பாள் அன்று காலையிலேயே புருஷனை நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"இங்க பாருங்க. வாங்க, இருங்கன்னு ரெண்டு வார்த்தை. அதுக்கு மேல வாயத் திறக்கப்பிடாது. மத்ததை கோமதிநாயகம் அண்ணன் வந்து பேசிக்கிடுவான். இதும் கெட்டுதுன்னா அந்தப் புள்ளை உங்க முகத்துல முழிக்காது, கேட்டேளா?"

தாணு சார் தலையாட்டினார். மகள் இரண்டு நாளாகத் தன்னையறியாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்ததை அவரும் பார்த்திருந்தார். ஒரு தடவையாவது நல்ல அப்பனாக இருந்துவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார்.

நாலு மணிக்கு வந்தார்கள். கேசரி, மிக்சர், காப்பி. உச்சிமாகாளி வீட்டு விசேஷம் சொன்னார். "பெயிண்டடி நடக்கு சாரே. கால் வைக்க எடமில்ல." தாணு சார் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை செய்தார். பெண்ணும் பையனும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். இனி உட்கார்ந்தால் நாக்கு சும்மா இருக்காது என்று அவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

படியோரம் அனூப்பின் ஷூ கிடந்தது. தாணு சார் ஒரு நிமிஷம் அசந்து நின்றார்.

வெள்ளைத் தோல். முனையில் சாம்பல் நிறத்தில் ஏதோ. கச்சா ரப்பரின் தேன் நிறத்தில் தட்டையான அடி. காற்று இல்லை, ஸ்பிரிங் இல்லை, மினுக்கம் இல்லை. எண்பத்து நாலில் பாட்டியாலாவில் கோச்சிங் கேம்புக்குப் போனபோது ஒரு ஜெர்மன் கோச் இதே வெட்டில் ஒன்று போட்டிருந்தான். எங்க ஊர்ப் பட்டாளத்தில் ஜிம்முக்குக் கொடுக்கிறது, பத்து வருஷம் உழைக்கும் என்று பெருமையாகக் காட்டினான். இந்தப் பையன் அதைப் போட்டிருக்கிறான். ஓடுகிற பையன். ஆறு பேரில் ஒருத்தனாவது ஆம்பளையாக வந்தானே என்று தாணு சாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் ஷூ முழுக்க பெயிண்ட் சொட்டு. நீலம், மஞ்சள், கறுப்பு. ஓரமெல்லாம் அழுக்கு. வீட்டில் பெயிண்டடி நடக்கிறதென்று சொன்னாரே, அவசரத்தில் இதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான் பாவம். பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படியா என்று நாலு பேர் பேச மாட்டார்களா? யார் பேசுவார்கள் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

டர்பன்டைன், பழைய டூத் பிரஷ், கேன்வாஸ் ஷூவுக்குப் பூசும் வெள்ளைக்கட்டி எல்லாம் கொல்லைப்புற ஷெட்டில் இருந்தன. ஹெட்மாஸ்டர் காலுக்கே குனியாத மனுஷன் தரையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் ஷூவை மடியில் வைத்துத் தேய்த்தார். பெயிண்ட் போயிற்று. தோலின் மினுமினுப்பும் கூடவே போயிற்று. பாதகமில்லை என்று வெள்ளையைக் குழைத்து இரண்டு பூச்சுப் பூசினார். முனையிலிருந்த சாம்பல் நிறம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதன் மேலும் பூசினார். அரை மணி நேரத்தில் சுதந்திர தின அணிவகுப்புக்குத் தயாரான மாதிரி இரண்டும் பளீரென்று நின்றன.

எல்லாரும் வெளியே வந்தார்கள். அஸ்வதியின் முகம் மலர்ந்திருந்தது. அனூப் கீழே பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

"அங்கிள், இதை என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. பெயிண்ட் பட்டிருந்துது. தொடச்சேன்."

"அந்தப் பெயிண்ட் அதுல இருக்கவேண்டியதாக்கும்." பையன் குனிந்து ஒரு ஷூவைத் திருப்பிப் பார்த்தான். "பழைய ஜெர்மன் ஆர்மி ஷூவைப் பார்த்து ஒரு டிசைனர் செய்தது. பாரிஸில் வாங்கினேன். ஒவ்வொரு சொட்டும் கையால தெளிச்சது. முனையில இருந்தது ஸ்வேட், பொசுபொசுன்னு இருக்கிற தோல்."

தாணு சாருக்கு நிஜமாகவே புரியவில்லை. புதுத் தோலில் காசு கொடுத்து ஒருத்தன் எதற்குப் பெயிண்டைத் தெளிப்பான்?

"அப்ப, அந்த அழுக்கு?" என்று கேட்டார். "அதும் அவங்களே போட்டுக் குடுக்கிறதா?"

தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. நீலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

உச்சிமாகாளி தோளில் துண்டைச் சரிசெய்தார்.

"அஞ்சு பேரை நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஆரியசாலை முழுக்கத் தெரியும் சாரே. எம்மவன்தான், பொண்ணு நல்ல பொண்ணு, போவலாம்னான். எங்களையும் கூப்பிட்டுவச்சு இப்படிச் செஞ்சிருக்க வேண்டாம்."

"ஐயோ, அப்படியில்ல. பையன் நல்ல பையன். நான் மனசோட..."

"ஆமா. மனசோடதான், வேணும்னேதான் செஞ்சிருக்கீங்க."

அனூப் அஸ்வதியை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் ஈரம் காயாத ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு காருக்கு நடந்தான். வெள்ளை அவன் சட்டையில் அப்பியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. தாணு சார் படியில் உட்கார்ந்து மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"மோளே, சத்தியமாட்டு நல்லதுக்குத்தான் செஞ்சேன். அவன் மானம் போகக்கூடாதுன்னு நினைச்சேன். எனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருந்துது."

அஸ்வதி அழவில்லை. கோபப்படவும் இல்லை. அதைவிட மோசமாக, பழகிப்போனவள்போல அவரைப் பார்த்தாள்.

"யாரையாவது பரிகாசம் பண்றப்ப எல்லாம் இந்த முகத்தைத்தான்ப்பா வச்சுக்கிடுவீங்க. ஒண்ணும் தெரியாத பச்சப்பிள்ளை மாதிரி."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தன் முகத்தை இனி எப்படி வைத்துக்கொள்வதென்று தாணு சாருக்குத் தெரியவில்லை.