பனிக்காலத்துக் கோடு

கறுப்பு உடையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, ஐலா படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். கையில் பழைய காப்பித்தூள் டப்பா. பத்து நாள் கரையோரம் நீரில் அமிழ்ந்து கிடந்ததில் பலகைகள் ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று இறுகியிருந்தன. ஏதோ ஓர் இடுக்கில் மட்டும் இன்னும் லேசாகக் கசிந்தது.

"அக்கா! பதினோரு மணிக்கு சர்ச்சுல இருக்கணும். தம்பியை அடக்கம் பண்ணப் போற அன்னிக்குத்தான் உனக்கு படகு வேலையா?"

வீட்டு வாசலிலிருந்து கத்தியவள் தங்கை பிர்க்கோ. தாம்பேரே நகரத்திலிருந்து முந்தாநாள் காரில் வந்தவள்.

"ஊறினது போதும்டி. அதான் இறைக்கிறேன்."

"விக்கப் போற படகை எதுக்கு ஊற வச்சே?"

ஐலா டப்பாவை இன்னும் வேகமாகச் சாய்த்தாள். படகை விற்பது, வீட்டைப் பூட்டுவது, இலையுதிர்காலத்துக்குள் ஐலா தங்கையோடு போய்விடுவது என்று எல்லாமே பிர்க்கோ போட்ட திட்டம். அங்கே ஓர் அறைக்கு வர்ணம்கூட அடித்தாகிவிட்டது. ஐலா சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அறுபத்து மூன்று வயதில், ஏரிக்கரையில் தன்னந்தனியாக என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் எழுந்து காப்பி போடப் போய்விடுவாள்.

முற்றத்துக் கம்பத்தில் நாட்டின் நீலச் சிலுவைக் கொடி துக்கத்துக்காகப் பாதியில் தொங்கியது. காற்றே இல்லை.

தம்பி தவ்னோ போனது மே மாதக் கடைசியில். இதே படகைக் கவிழ்த்துப்போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தான். ஐலா சாப்பிடக் கூப்பிட்டாள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "செவிட்டுப் பயலே, சூப் ஆறிப்போச்சு!" என்று திட்டிக்கொண்டே இறங்கிப் போனாள். தூரிகையை மடியில் வைத்துக்கொண்டு, படகில் சாய்ந்து, எதிர்க்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசியாகச் சொன்னது அந்தத் திட்டுதானே என்பது அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டேயிருந்தது. பாசமாக நாலு வார்த்தை பேசுகிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

அக்கா தம்பி சண்டையெல்லாம் வரைபடத்தில் இருந்த ஒரு கோட்டைப் பற்றித்தான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு சுற்றுலாச் சங்கம் கூர்னா ஏரியைச் சுற்றி ஒரு சைக்கிள் பாதை போட்டது. வரைபடம் வரையும் பொறுப்பு தவ்னோவுக்கு. அக்கரை ஊரில் நடந்த மார்ச் மாதக் கூட்டத்தில் மேஜைமேல் தாளை விரித்து, காட்டுப்பாதை, கூழாங்கல் ரோடு, மேடு பள்ளம் எல்லாம் பிசகாமல் வரைந்தான். தன் வீட்டு முற்றத்திலிருந்து எதிர்க்கரை ஊருக்கு மட்டும் நேராக ஒரு கோடு இழுத்தான். அன்று காலை அவன் வண்டி ஓட்டி வந்த வழி அது. உறைந்த ஏரியின்மேல், இருபுறமும் மரக்கிளை நட்டு அடையாளம் வைத்த பனிப்பாதை. கூட்டத்துக்கு வந்த பதினோரு பேரும் அந்த வழியாகத்தான் வந்திருந்தார்கள். ஒருவருக்கும் தப்பாகத் தெரியவில்லை. வரைபடம் அச்சாயிற்று. பனி உருகிய பிறகு, ஜூன் மாதத்தில் முதல் சைக்கிள்காரர்கள் ஐலாவின் உருளைக்கிழங்குப் பாத்தியை மிதித்துக்கொண்டு வந்து, தண்ணீருக்கு முன்னால் நின்று முழித்தார்கள்.

தவ்னோ வெட்கத்தில் சிவந்துபோய், அவர்களைப் படகில் ஏற்றி அக்கரையில் விட்டான். அன்று ஆரம்பித்ததுதான். கோடை முழுக்க யாராவது வருவார்கள். தண்ணீர் கேட்பார்கள், கழிவறை கேட்பார்கள், சக்கரத்துக்குக் காற்றடிக்கக் கேட்பார்கள். காப்பி போட்டே ஐலாவுக்குக் கை ஓய்ந்தது.

"அந்தக் கோட்டை அழிச்சுத் தொலைடா!"

"அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்க்கா."

நாலு பதிப்பு வந்துவிட்டது. கோடு அப்படியே இருந்தது.

அடக்கம் நல்லபடியாக நடந்தது. பாதிரியார் மூன்று முறை மண்ணை அள்ளிப் பெட்டிமேல் போட்டார். ஐலா காட்டு லில்லிக் கொத்தை வைத்துவிட்டு, சாய்ந்த காம்பு ஒன்றை நிமிர்த்தினாள். திரும்பி வந்து, முற்றத்தில் நீள மேஜை போட்டு, ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் பரிமாறினார்கள். அப்போதுதான் பக்கத்துப் பண்ணைக்காரனும் சுற்றுலாச் சங்கத்து ஆளுமான ஓலவி கம்பத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அடக்கம் முடிஞ்சிருச்சே ஐலா. கொடியை உச்சிக்கு ஏத்திடலாமா?"

அதுதான் அந்த ஊர் வழக்கம். போனவரை மண்ணில் சேர்த்துவிட்டு வந்ததும் கொடியை மேலே ஏற்றிவிட வேண்டும். துக்கம் அதோடு சரி.

"இருக்கட்டும்," என்றாள் ஐலா. "இன்னும் கொஞ்ச நேரம்."

வந்திருந்த இரங்கல் அட்டைகளைப் பிர்க்கோ எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசித்தாள். சொந்தக்காரர்கள், மரம் அறுக்கும் ஆலைக்காரர்கள், சங்கம். அதன்பின் அவள் குரல் தடுமாறியது.

"இது யாருன்னே தெரியலையே. 'உங்கள் வரைபடத்தை நம்பி ஏரிக்கரையில் வந்து மாட்டிக்கொண்டோம். திட்டுவதற்குத் தயாராக இருந்தோம். அதற்குள் அந்த அம்மா காப்பியோடு வந்துவிட்டார்.' அக்கா, இன்னும் இருக்கு. முப்பது நாப்பது வரும்."

"சங்கத்துக்கு வந்துது," என்றான் ஓலவி. "செய்தி போட்டோம். கேள்விப்பட்டு எழுதியிருக்காங்க."

பிர்க்கோ வாசித்துக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் தவ்னோ இருந்தான். பெரும்பாலானவற்றில் ஐலாவும் இருந்தாள். காப்பி கொடுத்த அம்மா, முணுமுணுத்துக்கொண்டே காலுறையைக் காயவைத்துக் கொடுத்த அம்மா. தன்னை யாரோ இவ்வளவு நாள் நினைவில் வைத்திருந்தார்கள் என்பது ஐலாவுக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைக்க, யாரும் கேட்காமலே எல்லார் கோப்பையிலும் காப்பி ஊற்றினாள்.

ஓலவி அவள் பக்கத்தில் நகர்ந்து வந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான்.

"இப்பப் பேசறது சரியில்லதான். ஆனா திங்கக்கிழமை புதுப் பதிப்பு அச்சுக்குப் போகுது. நீ பத்தொன்பது வருஷமா கேட்டது. கோட்டை அழிச்சிடட்டுமா? சுத்துப் பாதையைப் போட்டுடறோம். இனிமே உன் முற்றத்துக்கு ஒருத்தன் வரமாட்டான்."

ஐலா தாளை வாங்கிப் பார்த்தாள். ஏரி நடுவே சிவப்புக் கோடு, பென்சிலால் குறுக்கே அடித்திருந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் காட்டுப்பாதையில் சைக்கிள் மணி கேட்டது.

"அந்தப் பிரிவுலயே சொன்னேன், வலது பக்கம்னு!" என்றது ஒரு பெண் குரல்.

"கோடு இப்படித்தானே போகுது! நான் என்ன பண்ணட்டும்?" என்றது ஓர் ஆண் குரல்.

நாற்பதை நெருங்கும் புருஷன் பெண்டாட்டி, முதுகெல்லாம் சேறு. மேஜையைச் சுற்றிக் கறுப்பு உடையில் இருந்தவர்களையும் பாதிக் கம்பத்துக் கொடியையும் கண்டதும், இருவரும் சட்டென்று தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டார்கள்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றாள் அந்தப் பெண். "தெரியாம வந்துட்டோம். திரும்பிப் போயிடறோம்."

பிர்க்கோ எழுந்தாள். "ஆமா, இன்னிக்கு முடியாதுங்க. படகு ஓட்டறவர் இல்ல."

"சுத்திப் போனா எவ்வளவு தூரம்?" என்றான் புருஷன்.

"முப்பத்தெட்டு கிலோமீட்டர்," என்றாள் ஐலா. "பாதி கூழாங்கல்லு. சாயங்காலம் மழை வேற வரும்."

புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏரி நடுவில் சண்டை போட்டுவிட்டு எழுந்து போக முடியாது, அதனால் என் படகில் ஏறிய ஜோடியெல்லாம் சமாதானமாகித்தான் இறங்கியிருக்கிறது என்று தவ்னோ பெருமை அடிப்பான். ஐலா அதை நம்பியதில்லை.

"முதல்ல காப்பி குடிங்க," என்றாள். "பாத்தியை மிதிக்காம சைக்கிளைக் கரைக்கு இறக்குங்க. மிதவைச் சட்டை கொட்டகையில தொங்குது, போட்டுக்கங்க."

"அக்கா, யாரு துடுப்புப் போடப் போறா?" என்றாள் பிர்க்கோ.

"எனக்கென்ன கை ஒடிஞ்சா போச்சு? அவனுக்குத் துடுப்புப் போடக் கத்துக்கொடுத்ததே நான்தான்."

பிர்க்கோ அக்காவைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் இறைத்து வைத்திருந்த படகைப் பார்த்தாள். எதுக்கு ஊற வச்சே என்று காலையில் கேட்டதற்கு அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கறுப்பு உடுப்புல தார் ஒட்டும், பாத்து," என்று மட்டும் சொன்னாள்.

சைக்கிள்களைப் படகின் முன்முனையில் படுக்கவைத்து, புருஷனை அங்கேயே உட்கார்த்தி, பெண்ணைப் பின்பலகையில் தன் எதிரே உட்கார்த்திவைத்து, ஐலா துடுப்பைப் பிடித்தாள். துடுப்புக் கைப்பிடி தவ்னோவின் பிடிக்குத் தக்கபடி தேய்ந்திருந்தது. அவள் கைக்குப் பெரிதாக இருந்தது.

ஓலவி தாளோடு படகுத்துறைக்கு ஓடி வந்தான்.

"அப்ப கோடு?"

"இருக்கட்டும்! வாராவாரம் திங்கக்கிழமை மட்டும் படகு கிடையாதுன்னு ஓரத்துல எழுதிடு. அன்னிக்கு நான் துணி துவைக்கணும்."

படகு நகர்ந்தது. அக்கரையைப் பார்க்க அவளால் முடியாது. போகும் திசைக்கு முதுகைக் காட்டித் துடுப்புப் போடுகிறவளுக்கு விட்டு வந்த கரைதான் கண்ணெதிரே இருக்கும். வீடு, கொட்டகை, மேஜை எல்லாம் சின்னதாகிக்கொண்டே போயின. அவள் முதுகுக்குப் பின்னால் புருஷன், "வலது பக்கம்தான் சரி போல," என்று மெதுவாகச் சொன்னான். எதிரே இருந்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே, முற்றத்தில் பிர்க்கோ கம்பத்தடிக்குப் போவது தெரிந்தது. கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். கொடி ஏறி, முக்கால்வாசியில் சிக்கிக்கொண்டது. பிர்க்கோ கயிற்றை இரண்டு முறை சுண்டினாள். ஐலா துடுப்பைத் தண்ணீருக்கு வெளியே பிடித்தபடி இருந்தாள். கொடி மறுபடி நகர்ந்து, உச்சிக்குப் போய் நின்றது.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் எதிரே இருந்தவள்.

"ஒண்ணுமில்ல. உங்க காலடியில டப்பா கிடக்கு பாருங்க. கொஞ்சம் தண்ணி இறைங்க."

ஐலா துடுப்பை நீரில் இறக்கினாள்.