பல் டாக்டர் ஆடிய நூற்றுப் பதினெட்டு நாட்கள்

பல் டாக்டர் தன் மகளின் கல்யாண வரவேற்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு ஆட ஆரம்பித்து, நூற்றுப் பதினெட்டு நாட்கள் நிறுத்தவில்லை. இடுப்புக்குக் கீழேதான் ஆட்டம். கைகள் எப்போதும்போல் நிதானமாக இருந்ததால் கிளினிக்கை மூடவேண்டி வரவில்லை. முதல் வாரம் நோயாளிகள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் ஒரு லாரி டிரைவர், நாற்காலியையும் கூடவே கொஞ்சம் ஆட்டிவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று யோசனை சொன்னார், அப்படியே செய்தார்கள். சிரிப்பில் வாய் தானாகத் திறந்துகொண்டதால் வேலை சீக்கிரம் முடிந்தது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அவர் பின்வரிசையில் நின்று குலுங்கியதைப் பார்த்த வீட்டார், இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். தூக்கத்தில் படுத்தபடியே ஆடினார். ஒரே மாதத்தில் போர்வை நடுவில் நைந்துவிட்டது.

பழி முழுவதும் அந்த வரவேற்பில் பாட்டுப் போட்ட பெண்ணின் தலையில் விழுந்தது. அவளுக்கு முப்பத்து நான்கு வயது. எல்லாருக்கும் அவள் டிஜேக்காரி. வேலை செய்யும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். முகம் ஆயிரம் பொய் சொல்லும், நாற்காலிக்கு அடியில் இருக்கும் கால் சொல்லாது என்பது அவள் கண்டுபிடிப்பு. அன்றைக்கு மூன்றாவது வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த டாக்டரின் இடது ஷூ ஒரே ஒரு முறை தரையைத் தட்டியதை அவள் பார்த்தாள். அதற்கேற்ற பாட்டைப் போட்டாள். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் எழுந்து வந்து ஆடினார். கூட்டம் விசிலடித்தது. அந்த நிமிடம் உள்ளே பொங்கிய கர்வத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு எல்லாம் நொறுங்கியபோதும், அந்தக் கர்வம் மட்டும் வெட்கமில்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

நொறுங்கத்தான் செய்தது. மூன்றாம் மாதத்துக்குள் அவளைக் கூப்பிட்டிருந்த எல்லாரும் ஒவ்வொருவராக விலகினார்கள். "தப்பா நினைக்காதேம்மா, எங்க பெரியப்பாவுக்கு இப்பதான் முட்டி ஆபரேஷன் ஆச்சு. அவர் பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருந்துட்டா யார் பதில் சொல்றது?" என்றார்கள். ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டுக் கூடத்தில் அடுக்கிக் கிடந்தன. அம்மா அவற்றின்மேல் துவைத்த துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள். டாக்டர் நின்றால்தான் தன் பிழைப்பு நடக்கும் என்பது டிஜேக்காரிக்குப் புரிந்தபோது, டாக்டரின் மனைவியே வாசலில் வந்து நின்றாள்.

"நீதானே ஆரம்பிச்சு வச்சே? நீயே நிறுத்து."

"அக்கா, ஆட வைக்கத்தான் என்னைக் கூப்பிடுவாங்க. நிறுத்தச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை."

"அதான் நான் கூப்பிடுறேனே! ஒரு வாய் காபி நிம்மதியாக் குடிச்சு நாலு மாசம் ஆகப்போகுது. எதிர்ல வந்து உட்கார்ந்தார்னா மேசையே ஆடுது."

டிஜேக்காரி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். மெதுவான பாட்டுப் போட்டாள். அவர் மெதுவாக ஆடினார். தாலாட்டுப் போட்டாள், மனைவி தூங்கினாள், அவர் ஆடினார். கடைசியில் வானொலிச் செய்தியை வைத்தாள். வானிலை அறிக்கை வந்தபோதுதான் அவர் ஆட்டம் உச்சத்துக்குப் போனது.

அன்று பிற்பகல் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வரவேற்பில் டாக்டரை எழுப்பிய அந்தப் பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு நிமிடம் பத்து விநாடிக்கு மேல் அது நகரவில்லை. அங்கேதான் எப்போதும் அடுத்த பாட்டை உள்ளே நுழைப்பாள். அந்தப் பாட்டு எப்படி முடியும் என்றே அவளுக்குத் தெரியாது. யோசிக்க யோசிக்க, பதினோரு வருடத்தில் எந்தப் பாட்டையும் அவள் முடியவிட்டதில்லை என்பது தெரிந்தது. இரண்டு விநாடி இடைவெளி விட்டால் போதும், கூட்டத்துக்கு நாற்காலி ஞாபகம் வந்துவிடும். வீட்டிலும் அதே கதைதான். இரண்டு விநாடி சும்மா இருந்தால் "உன் கல்யாணம் எப்போ?" என்று அம்மா ஆரம்பித்துவிடுவாள் என்பதால், சாப்பிடும்போதுகூட எதையாவது பேசிக்கொண்டே இருக்கப் பழகியிருந்தாள். அம்மாவுக்குப் பயந்து பழகியதா, அந்தக் கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லாததற்குப் பயந்து பழகியதா என்று அவள் ஒருபோதும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டுக்கொள்ளவும் இரண்டு விநாடி சும்மா இருக்க வேண்டுமே.

சனிக்கிழமை காலை, கிளினிக் திறக்கும் முன், சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கருவிகள் வைக்கும் தட்டில் வைத்துப் பாட்டைப் போட்டாள். இரண்டு நிமிடம் பத்து விநாடி வந்ததும் அவள் விரல் தானாக அடுத்த பாட்டைத் தேடிப் போனது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தாளம் ஒவ்வொன்றாக விலகியது. ஒரு புல்லாங்குழல் மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் இல்லை. டாக்டரின் வலது கால் நின்றது. கொஞ்சம் தயங்கி, இடது காலும் நின்றது. வாய் கொப்பளிக்கும் தொட்டியில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பொண்ணு கிளம்பிட்டாளா?" என்றார்.

திட்டுவதற்காகத் திறந்த வாயை மனைவி மூடிக்கொண்டாள். "அவ போய் நாலு மாசம் ஆச்சுங்க."

"ஓ," என்றார். நோயாளிகளின் நாற்காலியில் போய்ச் சாய்ந்து, அவர்களைப் போலவே வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு அழுதார். மனைவி நோயாளிகளுக்கு வைத்திருந்த காகிதத்தால் அவர் மோவாயைத் துடைத்துவிட்டு, அதே காகிதத்தில் தன் மூக்கையும் சிந்திக்கொண்டாள். டிஜேக்காரிக்கு ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

செய்தி பரவியது. அவளைத் தேடி மறுபடி ஆள் வந்தார்கள். ஆனால் அவள் நினைத்த காரணத்துக்காக அல்ல. பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் தனியாக வந்து, வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "என் பாட்டை மட்டும் முடிச்சுடாதீங்கம்மா" என்றார்கள். ஒரு தையல் கடைக்கார அம்மா, ஒரே பையனுக்குக் கல்யாணம் என்று சொல்லி, இரண்டு மாதம் போதும் என்று கேட்டுக்கொண்டாள். ஆடுகிறவர்கள் தயாரானதும் சொல்லி அனுப்புவார்கள். டிஜேக்காரி சின்ன ஸ்பீக்கரோடு போய், மிச்சப் பாட்டைப் போட்டு, அது முடியும் வரைக்கும் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள்.

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்து அதிகாரி மட்டும் எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். போன வாரமும் போனாள். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்மா, என்ன அவசரம்?" என்று மேசைக்குப் பின்னால் ஆடியபடியே முத்திரை குத்தினார். வரிசையில் நின்றவர்கள் அவரவர் டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.