பின் சீட்டு எப்படி இருக்கு?

என் வீட்டுக்காரருக்கு இரண்டு மோட்டார் சைக்கிள். ஒன்று மாசாயில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. பதினாறு வயதுக் கப்சாய், சின்ன ரகம். கிளட்ச் கிடையாது, முன்னால் ஒரு கூடை, கிழிந்த சீட்டில் கறுப்பு டேப். இன்னொன்று நீல நிறம், நூற்றைம்பது சிசி, கிளட்ச் வைத்தது. அது பேஸ்புக்கில் மட்டும்தான் ஓடுகிறது.

தப்பு என்மேலும் உண்டு. என் வீட்டுக்காரர் கமலநாதன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மோட்டார் கடை. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அந்த நீலத்தை தினமும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் வருவார். வாங்கலாமா என்று ஒரு நாள் இழுத்தார். "ஓடுற வண்டிய எதுக்குங்க மாத்தணும்?" என்று கேட்டேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். மனிதர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எழுத ஆரம்பித்துவிட்டார்.

'ஜொகூர் தினசரி ரைடர்ஸ்' என்று ஒரு தமிழ்க் குழு. வேலைக்குப் போக, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட எந்த மோட்டார் வாங்கலாம் என்று அதில் ஆட்கள் கேட்பார்கள். வாங்கியவர்கள் பதில் சொல்வார்கள். பதில் என்று பேர், எல்லாம் புலம்பல்தான். செயின் சத்தம் போடுகிறது, கண்ணாடி ஆடுகிறது, ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது. அந்தப் புலம்பலுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார்:

"வாங்கி ஆறு மாசம் ஆச்சு. கிளட்ச் வெண்ணெய். காலைல வேலைக்குக் கிளம்பறப்ப அந்த நீல டேங்க் மேல கைய வச்சா சில்லுன்னு இருக்கும், அதோட தூக்கம் போயிடும். டிராஃபிக் லைட்டு வந்தா குதிகாலால லேசா ஒரு அழுத்து, கியர் இறங்கிடும். அடுத்த லைட்டும் சிவப்பா இருக்கக் கூடாதான்னு தோணும்."

முந்நூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். கூடவே ஒரு படம்: கடையில் அந்த மோட்டாரின் மேல் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். விலை அட்டை தொங்கிய இடத்தை வெட்டிவிட்டார்.

அவருடைய போனில் தற்செயலாக இதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நன்றாக நாலு கேள்வி கேட்கலாம் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ரூபி, பாலோவுல இருந்து ஒரு பொண்ணு கேக்குது. புஷ்பவள்ளின்னு. 'அண்ணே, பின் சீட்டு எப்படி இருக்கு? எங்க வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது, அவர்தான் பின்னால உக்காருவாரு'ன்னு. ரெண்டு நாளாச்சு. நான் என்னத்தச் சொல்ல? பின் சீட்டப் பத்தி உன்னத்தான கேக்கணும்?"

போனைப் பிடுங்கினேன். திட்டத்தான் பிடுங்கினேன், சத்தியமாக. ஆனால் பதினாறு வருடமாகப் பின் சீட்டில் உட்காருகிற என்னிடம் எவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. விரல் தானாக ஓடியது. "நான் அவர் மனைவி. பின் சீட்டு இட்லிதான். பாலோவில் ஏறினால் குளுவாங் வரை தூங்கிக்கொண்டே போகலாம்."

எண்பது பேர் விருப்பம் போட்டார்கள். தலை கிறுகிறுத்துவிட்டது. அடுத்த இரண்டு வாரம் நானும் இறங்கிவிட்டேன். சேலை கட்டி உட்காரலாமா? தாராளமாக. முதுகு வலிக்குமா? வலி என்றால் என்ன? சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, இல்லாத மோட்டாரின் சொகுசைப் பற்றி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

அப்புறம் புஷ்பவள்ளி மோட்டாரை வாங்கிவிட்டாள்.

அதே நீலம். "கமலநாதன் அண்ணனும் ரூபினி அக்காவும் சொல்லித்தான் வாங்கினேன்" என்று குழுவில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை கோத்தா திங்கியில், ஆற்றோரம் இருக்கும் பாசித் அண்ணன் கடையில் எல்லாரும் கூடலாமாம். குழுவை ஆரம்பித்தவர் அந்த அப்துல் பாசித் அண்ணன்தான். நீலத்துக்குப் பக்கத்தில் நீலத்தை நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. இதற்கு முன் இரண்டு கூட்டத்துக்கு 'வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது' என்று சொல்லித் தப்பித்தாயிற்று.

"மூணாவது தடவையும் அதையே சொல்லுவோம்," என்றேன். "கப்சாய்ல போவோம். யாரு கேக்கப் போறா?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேலை எடத்துல எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கறதில்ல, ரூபி. இத அங்க வை, அத இங்க வைன்னுதான் சொல்றாங்க. இங்கதான் 'அண்ணே, நீங்க என்ன நெனைக்கிறீங்க'ன்னு கேக்கறாங்க. மாட்டிக்கிட்டா அது போயிடும்."

ஓடுற வண்டியை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்ட வாயைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த மனிதரை மாட்ட விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

யாராவது ஓட்டிக் காட்டச் சொன்னால்? கிளட்ச் வண்டியை அவர் ஜென்மத்தில் தொட்டதில்லை. அதனால் சனிக்கிழமை முழுக்க வீட்டில் பயிற்சி. பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். இடது கையில் சப்பாத்தி இடுக்கி, அதுதான் கிளட்ச். வலது கையில் தண்ணீர் போத்தல். அதைத் திருகினால் வேகம். இஞ்சின் நான். அவர் இடுக்கியை மெல்ல விட்டால் நான் "டுர்ர்ர்" என்று ஓட வேண்டும், சட்டென்று விட்டால் "டொக்" என்று அணைந்துவிட வேண்டும். சாயங்காலத்துக்குள் நாற்பது தடவை அணைந்தேன். கடைசியில் சிரித்துச் சிரித்து இஞ்சின் தரையில் உட்கார்ந்துவிட்டது. கையைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். காலைப் பற்றி இருவருக்குமே நினைவு வரவில்லை.

ஞாயிறு காலை கப்சாயில் கிளம்பினோம். வழக்கம்போல எங்கள் இருவருக்கும் நடுவில் என் பெரிய துணிப்பை. வழியெல்லாம் அவர் பொய்யை ஒப்பித்துக்கொண்டே வந்தார். பின்னால் வந்த எண்ணெய்ப்பனை லாரிகள்கூட எங்களைத் தாண்டிக்கொண்டு போயின.

பாசித் அண்ணன் கடை முன்னால் பத்துப் பன்னிரண்டு மோட்டார்கள் வரிசையாக நின்றன. நடுவில் அந்த நீலம். புஷ்பவள்ளி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். குண்டுக் கன்னம், கண்ணெல்லாம் சிரிப்பு. அவள் வீட்டுக்காரர் ஐயாசாமி ஒல்லியான, அமைதியான மனிதர். கையில் தட்டை ஏந்தி நின்றபடியே ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "பரவால்லம்மா, நிக்கிறேன்," என்றார்.

"ஒங்க வண்டி எங்கண்ணே?" என்று புஷ்பவள்ளி கேட்டாள்.

"ஒர்க்‌ஷாப்புல," என்றோம் நாங்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

"அலமாக், மறுபடியுமா?" என்று தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த பாசித் அண்ணன் சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

புஷ்பவள்ளி சாவியை நீட்டினாள். "அப்ப என் வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கண்ணே. மூணாவது கியர்ல ஒரு சத்தம் வருது. ஒங்க வண்டிலயும் அப்படித்தானான்னு சொல்லுங்க."

கமலநாதன் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

கடைக்குப் பின்னால் ஒரு திடல். அவர் ஏறி உட்கார்ந்த அழகைப் பார்த்தால் பிறந்ததிலிருந்தே அதன்மேல் உட்கார்ந்திருப்பவர் என்றுதான் சொல்வார்கள். கிளட்சை விட்டார். மோட்டார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. இரண்டாவது தடவையும் அணைந்தது. மூன்றாவது தடவை என்னையறியாமல் என் வாய் "டுர்ர்ர்" என்றது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான்காவது தடவை கிளம்பிவிட்டது. எனக்கு ஆட வேண்டும் போலிருந்தது.

அந்த சந்தோஷம் பத்து அடி தூரத்துக்குத்தான். அடுத்த கியருக்கு மாற்ற அவர் இடது பாதத்தைக் கீழே அழுத்தினார். கப்சாயில் அழுத்தினால்தான் ஏறும். இதிலோ விரலால் மேலே தூக்க வேண்டும். அவர் அழுத்த அழுத்த வண்டி முதல் கியரிலேயே நின்று ஊளையிட்டது. குதிகால் வேறு பின்னால் இல்லாத மிதியைத் தேடிக் காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. திடலை ஒரு சுற்று அப்படியே அலறிக்கொண்டு வந்தார்.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது. சாவியை புஷ்பவள்ளியின் கையில் வைத்தார்.

"எங்கிட்ட இந்த மோட்டார் இல்லம்மா. எப்பவும் இருந்ததில்ல. கடையில நின்னு பாப்பேன். அவ்வளவுதான்."

நான் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். திட்டுகிறவர்கள் இருவரையும் சேர்த்துத் திட்டட்டும் என்றிருந்தது.

பாசித் அண்ணன் ஒரு கிளாஸ் தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "தெரியும்லா."

"எப்ப இருந்து?"

"மொத பதிவுல இருந்து. குதிகாலால கியர எறக்கினேன்னு எழுதினீங்கள்ல? கப்சாய்லதான் மிதி முன்னயும் பின்னயும் இருக்கும். இந்த வண்டில குதிகாலுக்கு வேலையே இல்லண்ணே. குழுவுல ஒங்களுக்குப் பேரே குதிகால் அண்ணன்தான்."

"அப்ப ஏன் யாரும் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா எழுதறத நிறுத்திடுவீங்களே."

புஷ்பவள்ளி சிரித்தாள். "நானும் தெரிஞ்சுதான்ணே வாங்கினேன். வச்சிருக்கவங்க எல்லாரும் கொறதான் எழுதினாங்க. ஒங்க ஒருத்தருக்குத்தான் அது மேல ஆச இருந்துச்சு. டேங்க் மேல காலைல கைய வச்சுப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான் சில்லுன்னு இருக்கு."

என் வீட்டுக்காரர் தேத்தண்ணியைக் குடிக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கரித்தது. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டேன்.

"அண்ணன விடுங்க," என்றாள் புஷ்பவள்ளி. "அக்கா, பின் சீட்டு இட்லின்னு சொன்னது நீங்கதான?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. ஐயாசாமி தட்டைக் கீழே வைத்தார்.

"பாலோவுல இருந்து ரெண்டு மணி நேரம்மா," என்றார், கொஞ்சமும் கோபம் இல்லாமல். "பலகைம்மா அது."

அப்போதுதான் அவர் ஏன் உட்காரவில்லை என்று எனக்குப் புரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் முதலில் சிரித்தது ஐயாசாமிதான். அப்புறம் சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. தீர்ப்பு பாசித் அண்ணன் சொன்னார்: ரூபினி அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்வந்து, உண்மையை எழுத வேண்டும்.

அரை மணி நேரம் புஷ்பவள்ளி திடலில் என் வீட்டுக்காரருக்கு வகுப்பு எடுத்தாள். "மேலண்ணே, வெரலால மேல தூக்குங்க." அவர் தூக்கினார். வண்டி இரண்டாவதுக்கு மாறிய சத்தம் கேட்டதும் திரும்பி என்னைத் தேடினார். அந்த முகத்தை நான் கல்யாண மேடையில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

அவர் தோளைப் பிடித்து ஏறினேன். துணிப்பையை நடுவில் வைக்கப் பார்த்தேன், இடமில்லை. பாசித் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை மாசாய்க்கு வந்ததும், முதல் முறையாக என் சொந்தக் கணக்கிலிருந்து எழுதினேன்:

"பின் சீட்டு: பலகை. இட்லி என்று எழுதியது பொய். ஐயாசாமி அண்ணன் மன்னிக்கவும். உயரம் அதிகம், ஏறுவதற்கு ஒரு தோள் வேண்டும். பை வைக்க இடமே இல்லை. சீட்டு முன்பக்கமாகச் சரிகிறது. பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர், முன்னால் இருப்பவரின் முதுகோடு போய் ஒட்டிக்கொள்வார். பாலத்துக்குப் போய் வருவதற்குள் என் வீட்டுக்காரர் காரணமே இல்லாமல் பதினொரு தடவை பிரேக் பிடித்தார். வாங்கலாம்."