கயிறு கட்டிய மூட்டைகள்

இப்போதெல்லாம் கூட்டத்துக்கு வருகிறவன் எவனும் காது கொடுத்துக் கேட்பதில்லை. சாப்பாடு எப்போது என்று வாசலைப் பார்க்கிறான். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறான். எதற்கடா தூக்கினாய் என்றால் பக்கத்தில் இருப்பவனைக் காட்டுகிறான்.

கீழ்வேளூர் கல்யாண மண்டபத்தில் அன்றும் அப்படித்தான். தலைமடையில் இருக்கும் மேலத்தோப்பு விவசாயச் சங்கத்தோடு, கடைமடையில் இருக்கும் எங்கள் கீழவாடிச் சங்கத்தை இணைக்க வேண்டுமாம். ஒரே செயலாளர், ஒரே கிடங்கு. கிடங்கு அவர்கள் ஊரில்.

"வைத்தியலிங்கம் ஐயா, உங்களுக்கு மட்டும் என்ன ஆட்சேபணை?" என்று என்னைக் கேட்டார் கூட்டுறவு அதிகாரி.

"யூரியாதான்."

ஆற்றில் தண்ணீர் விட்டால் அவர்களுக்கு முதலில் போகும். எங்களுக்கு வர ஒரு மாதம் பிந்தும். அதற்குள் அவர்கள் நட்டு, உரமும் போட்டுவிடுவார்கள். எங்கள் ஊரின் கடைசி வயலுக்கு இன்னும் பிந்தும். அது தங்கம்மாள் குத்தகைக்கு ஓட்டுகிற வயல். ஒரு போகம் தவறினாலும் நிலத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்கள். அதனால் யூரியா லாரி வந்து இறங்கியதுமே பாதி மூட்டையைக் கயிறு கட்டி ஒதுக்கிவிடுவோம். கடைசி வயல் நட்டு முடியும்வரை அதை எவனும் தொடமாட்டான். என் பயிர் வெளுத்த வருஷம்கூட நான் தொடவில்லை.

இதைச் சொன்னதும் அதிகாரி சிரித்தார். "வெளிய சொல்லாதீங்க ஐயா. மூட்டையை வச்சுக்கிட்டு இல்லைன்னா அது பதுக்கல். மெஷின்ல கைரேகை வச்சவங்களுக்கு உடனே கொடுத்துடணும்."

"அப்ப கடைசியா வர்றவனுக்கு?"

"அடுத்த லோடு வரும்ல?"

"எந்த லோடுங்க எங்க அவசரத்துக்கு வந்திருக்கு?"

பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "பெரியப்பா, சாம்பார் ஆறுது!" என்றான். மண்டபமே சிரித்தது.

"உன் பயிர் மஞ்சளிக்கிறப்ப அந்தச் சாம்பாரையே கொண்டுபோய் ஊத்துடா!"

மேலத்தோப்புச் சங்கத் தலைவன் ராஜராஜன் எழுந்தான். "நான் இருக்கேன் மாமா. உங்க பங்கை நானே ஒதுக்கி வைக்கிறேன். என்னை நம்ப மாட்டீங்களா?"

"நீ நல்லவன்தான். உன் அக்கா புருஷன் வண்டியோட வந்து வாசல்ல நிப்பான். உள்ள மூட்டை கிடக்கிறது அவனுக்குத் தெரியும். இல்லைன்னு சொல்லுவியா?"

அவன் அதிகாரியைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நேரமாச்சு. சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றார் அதிகாரி.

தூக்கினார்கள். எங்கள் ஊர்க்காரனும்தான். தங்கம்மாள் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்து, முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நானும் தூக்கவில்லை.

"நிறைவேறியது" என்றார் அதிகாரி. பந்திக்கு ஓடினார்கள்.

நான் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். ராஜராஜன் பின்னாலேயே வந்தான். "ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்க மாமா."

"அதை இருபது நாள்ல உரம் கேக்கிற பயிர்கிட்டப் போய்ச் சொல்லு."

"சாப்பிட்டாவது போங்க."

பஸ்ஸுக்கு நடந்தேன். அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். நல்லதாகத்தான் இருக்கும். நான் திரும்பவில்லை.